பாதை முத்தலிப்

பாலம் திறந்த பிறகு ஓடாமல் நின்றுபோன பாதையில் இருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு முத்தலிப் இறங்கி வந்தான். அந்த நேரம் முத்தலிப் குடாவின் மற்றக் கரையில், ஹாபர் என்கிற துறைமுகத்தில், சீமெந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். பாதை என்றால் ரோட்டு அல்ல. ஆட்களையும் சைக்கிளையும் லொறியையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்கும் அக்கரைக்கும் இடையில் போய்வந்த தட்டையான இரும்புத் தோணியை எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் சொல்வது. பாலம் வந்ததும் அதை இழுத்துக்கொண்டு போய் எங்கேயோ பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். ஆனாலும் அன்று அது வந்து துறையில் முட்டியது, கயிறு போட்டது, ஒரு ஆளை இறக்கியது, திரும்பிப் போனது. துறையடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அன்று காலையில் பேக்கரிகளில் பாண் விலை பத்து ரூபாய் குறைந்திருந்ததால் பின்னேரம் கடைகளில் அதைப் பற்றித்தான் கதை கூடுதலாக இருந்தது.

இறங்கியவன் நேரே வீட்டுக்குப் போய், வாசல் பைப்பில் கால் கழுவி, கதிரையில் இருந்து தேத்தண்ணி கேட்டான். வேலை வெள்ளென முடிந்ததாக்கும் என்று நினைத்து மனைவி றம்லா குசினியில் இருந்தபடியே ஊற்றிக் கொடுத்தாள். பொழுதுபட்டு மஃரிப் நேரம், தலைமயிரெல்லாம் சீமெந்துத் தூளோடு முத்தலிப் வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தியபோது, கதிரையில் இருந்த முத்தலிப் எழும்பி இடம் கொடுத்தான். இரண்டு பேருக்கும் இடது புருவத்தில் ஒரே வெட்டுத்தழும்பு, ஒரே முன்பல் பாதி உடைந்திருந்தது. றம்லா மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேத்தலைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். “இஞ்ச பாருங்க, ரெண்டு பேரில ஆரு நீங்க எண்டு முதல்ல சொல்லுங்க. பிறகு சீனி போடுறன்” என்றாள். நான்தான் என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

ஆச்சரியப்படாதவள் மகள் சப்ரினா மட்டும்தான். இருபத்துநாலு வயது, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள், மூதூரில் போன் திருத்தும் அர்ஷாக்குக்கு நிச்சயம் செய்யப்பட்டவள். எட்டு வயதில் இருந்து அவள் ஒரு கார்ட்டூன் பார்த்துவந்தாள். முன்பு அது தமிழில் குரல் போட்டு மாலை டீவியில் வந்தது. இப்போது போனில் வருகிறது, இன்னும் முடியவில்லை. அதில் ஒரு பெட்டை கப்பலில் அண்டம் அண்டமாகப் போவாள். எந்தத் துறையில் இறங்கினாலும் அங்கே அவளே நின்றுகொண்டிருப்பாள். ஒரு அண்டத்தில் அவள் அரசி, ஒன்றில் கள்ளி, ஒன்றில் ஒரு கை இல்லாதவள். மனிசர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போதெல்லாம் உலகம் இரண்டாகப் பிரிகிறது, பிரிந்தவை ஒன்றையொன்று அறியாமல் ஓடுகின்றன, எப்போதாவது ஒரு கப்பல் தவறி மற்றப் பக்கம் வந்துவிடும் என்பது அந்தத் தொடரின் நியாயம். அப்படிச் சந்திக்கிற இரண்டு பேரில் ஆர் உண்மையான ஆள் என்று ஒவ்வொரு பாகத்திலும் வழக்கு வரும், தீர்ப்பு வராது. சப்ரினா இதை வீட்டில் சொன்னாள், வேலியடியில் சொன்னாள். வேறு விளக்கம் ஒருவரிடமும் இல்லாததால் வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் பாதையடித் தெரு முழுக்க இதையே ஏற்றுக்கொண்டது. பள்ளிவாசல் நிர்வாகம் கூடி, கிதாபுகளில் இதற்கு இடம் காணவில்லை, மகளுக்கு இரண்டு பேரும் வாப்பாதான், றம்லாவுக்குக் கலியாணம் ஒன்றுதான், ஆகவே பிறகு வந்தவர் வேறு வீட்டில் படுக்க வேண்டும் என்று முடிவு சொன்னது. அவனுக்குப் பாதை முத்தலிப் என்று பெயர் வந்தது.

வேறு வீடு என்று இருந்தது சப்ரினாவின் வீடுதான். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம்; மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். மகளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அதே வளவில் முத்தலிப் அத்திவாரம் வெட்டினான். அன்று தொடக்கம் ஒரு வேலைக்கு மேல் இன்னொரு வேலை என்று மூட்டை தூக்கினான். சுவர் உயர உயர அவனுடைய வலது தோள் தாழ்ந்தது. வீட்டுக்கு வந்து சோறு தின்று டீவிக்கு முன்னால் இருப்பான்; கார்ட்டூனின் தொடக்கப் பாட்டு முடிவதற்குள் நித்திரையாகிவிடுவான். பதினைந்து வருடத்தில் அவன் ஒரு பாகமும் பார்த்ததில்லை. அந்தக் கப்பலுக்கு என்ன நிறம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

பாதை முத்தலிப்புக்குத் தெரிந்திருந்தது. கப்பலின் நிறம், அந்தப் பெட்டையின் எல்லாப் பிறவிகளின் பெயர், எந்தத் துறையில் எந்த வழக்கு, எல்லாம் தெரிந்திருந்தது. அரசியாக இருப்பவளும் கள்ளியாக இருப்பவளும் ஒரே ஆள்தானா என்று சப்ரினா கேட்டால், ஞாபகம் ஒன்றாக இருக்கும் இடம் வரைக்கும் ஒரே ஆள், பிறகு அக்கா தங்கச்சி மாதிரி என்பான். அவள் விடமாட்டாள். ஞாபகம் போனவர்கள் அப்ப ஆளே இல்லையா என்பாள். முத்தலிப் வேலையால் வரும்போது வாசலிலேயே இந்த வாதமும் சிரிப்பும் கேட்கும். மகளுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்கத் தெரியும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரியவந்தது. தன்னுடைய வாயால், தன்னுடைய உடைந்த பல்லோடு, இன்னொருத்தன் அவளைச் சிரிக்க வைக்கிறான். நெஞ்சுக்குள் ஈரச் சீமெந்து இறுகுவது போல ஒன்று இறுகியது. வேறு ஆணாக இருந்தால் சண்டை பிடிக்கலாம். இது சேட் அளவுகூட மாறாத ஆள்.

அவன் ஒரு வழி பார்த்தான். ஹாபர் வாசலில் விரல் வைக்கிற மெஷின் இருக்கிறது; பாதை முத்தலிப்பின் விரலையும் அது முத்தலிப் என்றே ஏற்றுக்கொண்டது. ஆகவே அவனை வேலைக்கு அனுப்பிவிட்டு முத்தலிப் வீட்டில் நின்றான். மாலையில் சப்ரினாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, இண்டைக்கு நான் பார்க்கிறன் மகள், முதல்ல இருந்து சொல்லுங்க என்றான். அவளும் சந்தோசமாகத்தான் தொடங்கினாள். பாட்டு முடியும்போது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முப்பது வருட அலுப்பு ஒரு நாள் லீவுக்குப் போகாது. அடுத்த நாள் தானே வேலைக்குப் போனபோது, கூட மூட்டை தூக்கும் ஜெமீல், “முத்தலிப் நானா, நேத்து வந்த உங்களையே இண்டைக்கும் அனுப்பியிருக்கலாம். அவரு பகிடி விடுறாரு, பாரமும் கூடத் தூக்குறாரு” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீட்டில் விட்டால் வீட்டில் வெல்கிறான், வேலைக்கு அனுப்பினால் வேலையில் வெல்கிறான். முத்தலிப் டீவி ரிமோட்டைச் சீமெந்துப் பைக்குள் ஒளித்துவைத்தான். அவர்கள் போனில் பார்த்தார்கள். புது வீட்டுக்கு நிறம் பூசாமல் இருந்தது. பாதை முத்தலிப் சப்ரினாவிடம் கேட்டு, அந்தக் கப்பலின் பச்சையையே உள்ளறைக்குப் பூசினான். தான் கட்டிய சுவரில் அவனுடைய பச்சை. அந்த அறைக்குள் போக முத்தலிப்புக்கு மனம் வரவில்லை.

சப்ரினாவுக்கு அந்தப் பிரிவு எந்த இடத்தில் நடந்தது என்று கண்டுபிடிக்க ஆசை. இரண்டு வாப்பாமாரையும் வீட்டு வேலைக்குக் கொட்டியிருந்த மணல் கும்பியில் இருக்கவைத்து விசாரித்தாள். பல் உடைந்த விதம் இரண்டு பேருக்கும் ஒன்று. முதல் சம்பளத்தில் உடுக்க வாங்கிய சாரம் ஒன்று. றம்லாவின் வாப்பா முதலில் பெண் தரமாட்டேன் என்று சொன்னதும் ஒன்று, சொன்ன இடமும் ஒன்று. சப்ரினா பிறந்தது, எட்டு வயதில் கார்ட்டூன் பார்க்கத் தொடங்கியது, எல்லாம் ஒன்றாகவே வந்தன. பாலத்துக்கு வந்ததும் பாதை முத்தலிப், “எங்கட பக்கம் பாலம் கட்டல்ல” என்றான். அப்ப பெரிய ஆக்கள் ஆரோதான் தெரிந்தெடுத்திருக்காங்க, உங்கட ரெண்டு பேரிலயும் பிழை இல்ல என்று சப்ரினா சிரித்துவிட்டு எழும்பிப் போனாள்.

அடுத்த நாள் கதவுநிலைக்குப் பெயின்ற் அடிக்கும்போது, பிறகு என்ன நடந்தது என்று முத்தலிப் கேட்டான். பாலம் திறந்த அந்த மாரியில் சப்ரினாவுக்குக் காய்ச்சல் வந்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஆட்டோவில் ஏற்றிப் பாலத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் அவள் ஐஸ்கிறீம் கேட்டாள். மற்றப் பக்கத்தில் அந்த மாரியில் காற்று நிற்கவில்லை. “பாதை ஓடல்ல” என்றான் பாதை முத்தலிப். தூரிகையைத் துடைத்துக்கொண்டே மீதியையும் சொன்னான். காய்ச்சலோடும் அவள் டீவி பார்த்தாளாம். அந்தப் பெட்டை இரண்டு கதவுக்கு நடுவில் மாட்டுப்பட்ட இடத்தில் பாகம் முடிந்ததாம். “பிறகு என்ன நடக்கும் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ. நான் பார்த்து வெச்சன்.” அவனுடைய றம்லா அதற்குப் பிறகு உம்மா வீட்டுக்குப் போனவள், திரும்பி வரவில்லை. வீடு கட்ட அவனுக்குத் தேவை இருக்கவில்லை. மாலைகளில் அலுப்பும் இருக்கவில்லை.

முத்தலிப்புக்கு இரக்கம் வந்தது. அதோடு சேர்ந்து, அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, பொறாமையும் வந்தது. துக்கத்திலும் இவன் என்னை வென்றுவிட்டான் என்று நினைத்தான். என் மகள் உயிரோடு பக்கத்தில் இருக்க நான் நித்திரை கொண்டேன். இவன் பிள்ளை இல்லாத வீட்டில் முழித்திருந்தான். மூன்று வருடமாகக் காய்ந்து கிடந்த கதவுநிலைக்கு இரண்டாம் பூச்சும் பூசினார்கள்.

கலியாணத்துக்கு முதல் கிழமை பாதை முத்தலிப் வந்து கேட்டான். நிக்காஹ்வுக்கு முன்னால் பெண் இருக்கும் அறைக்கு வாப்பா இரண்டு சாட்சிகளோடு போய், உங்களை இன்னாருக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். அவள் ஓம் என்றால்தான் வெளியே வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுப்பது. “ஒரே ஒருக்கா. அந்தச் சம்மதம் கேக்கிறத எனக்குத் தாங்க. பேரப்பிள்ளைகள் எல்லாம் உங்களுக்குத்தானே.” முத்தலிப் ஏலாது என்றான். பாதை முத்தலிப் அதற்கும் தலையாட்டினான். ஆனால் கலியாணத்தன்று, ஒரே அளவுக்கு ஒரே தையல்காரர் வெட்டிய வெள்ளைச் சேட்டோடு, பச்சை அறையின் வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். மாறி மாறி ஹாபருக்குப் போனதில் பாதை முத்தலிப்பின் தோளும் அப்போது தாழ்ந்திருந்தது. மௌலவி ஒருவரைப் பார்த்தார், மற்றவரைப் பார்த்தார். கேட்கிற வாப்பா ஒருவர்தான் என்றார். சாட்சிகள் மாப்பிள்ளை வீட்டார்; அவர்களுக்குச் சோறு ஆறுகிற கவலை. கடைசியில் மௌலவி, பிள்ளையிடமே கேளுங்கள் என்றார். றம்லா உள்ளே போய்க் கேட்டாள். தான் படுதோல்வி அடையப்போவது முத்தலிப்புக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே வேலியோரம் சாத்தியிருந்த தன் சைக்கிளைப் பார்த்தான். அதில் ஏறினால் துறையடி தூரம் இல்லை. பாதை வந்தால் மற்றப் பக்கம் போய்விடலாம். அங்கே பொறாமைப்பட ஒருவரும் இல்லை.

உள்ளே இருந்து சப்ரினாவின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. “டீவிக்கு முன்னால நித்திரை கொண்ட வாப்பா வரட்டும். அவருக்குத்தான் நான் முழுக்கதையும் சொன்னனான்.”

பிறகு றம்லாதான் இதை விளங்கப்படுத்தினாள். சின்ன வயதில் இருந்து, வாப்பா நித்திரையான பிறகு பிள்ளை அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, அன்று பார்த்த பாகத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும் அவருடைய காதுக்குச் சொல்வாளாம். சொல்லி முடித்துத்தான் படுப்பாளாம். பதினைந்து வருடம். றம்லா இதை ஒரு செய்தியாக நினைக்காததால் யாருக்கும் சொல்லவில்லை. பாதை முத்தலிப் வழிவிட்டு விலகி, முத்தலிப்பின் கொலரை இழுத்து நேராக்கிவிட்டான். முத்தலிப் சாட்சிகளோடு உள்ளே போய் முறைப்படி கேட்டான். சப்ரினா, “ஓம், வாப்பா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கேட்டுக்கொண்டுதானே இருந்தீங்க?” என்றாள். அதற்கு அவன் ஓம் என்றான். சாட்சிகள் இதையும் சம்மதத்தோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டார்கள்.

பாதை முத்தலிப் திரும்பிப் போகவில்லை. சப்ரினாவின் வீட்டுப் பின்னறையில் படுக்கிறான், ஒன்றுவிட்ட ஒரு நாள் வேலைக்குப் போகிறான். பாதை இப்போதும் இடைக்கிடை வருகிறது. பாலத்தில் மாடு படுத்திருக்கும் நேரங்களில் அவசரமானவர்கள் அதில் ஏறி அக்கரைக்குப் போகிறார்கள். காற்றுக்குக் கொஞ்சம் ஆடும், மற்றப்படி குறை இல்லை என்கிறார்கள்.

மாலையில் வளவுக்குள் வாங்குப் பலகை போட்டு இரண்டு முத்தலிப்புகளும் இருப்பார்கள். புது வீட்டு ஜன்னலால் அந்தத் தொடக்கப் பாட்டு வரும். அர்ஷாக் ஏதோ விளங்காமல் கேட்பான், சப்ரினா திரும்ப முதல் பாகத்தில் இருந்து சொல்வாள், உள்ளே அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளை நித்திரை கொள்வதே இல்லை என்று ஒரு நாள் ஒரு முத்தலிப் சொன்னான். போன் திருத்துறவனுக்கு என்ன அலுப்பு என்று மற்றவன் சொன்னான். இரண்டு பேரின் முகத்திலும் அப்போது ஒரே பொறாமையின் கறுப்பு. றம்லா தேத்தண்ணி கொண்டுவந்து இரண்டு கோப்பையையும் நடுவில் வைப்பாள். இரண்டிலும் சீனி போட்டிருப்பாள். ஆர் ஆர் என்று இப்போது அவள் கேட்பதில்லை.