முப்பத்தெட்டுப் பெயர்கள்

பெரிய வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் சந்திரவதனா வீட்டு லோன்ட்ரிக்கு ஆறேழு தடவை போய் வந்துவிட்டாள். உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேலே தட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர் விடிந்ததிலிருந்து மூன்று முறை உறைந்துபோயிருந்தது. நிறுத்தித் திரும்பப் போட்டால் அரை மணித்தியாலம் ஓடும். பிறகு திரையில் எழுத்துகள் அப்படியே நின்றுவிடும்.

சிட்னியின் பரமட்டாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பதுதான் அவளுடைய வேலை. அங்கே ஒன்று படுத்தால் இன்னொன்று எழும்பும். டூங்கபி வீட்டில் இருந்தது இந்த ஒன்றுதான். அதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு அவளே அமைத்த பக்கம் ஒன்று பெப்ரவரியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. இலங்கைப் போரில் வன்னியிலிருந்து வெளியேறி முகாம்களுக்கு வந்துசேர்ந்தவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. யாரை எங்கே கண்டதாகத் தகவல் வந்தாலும் உறவினர்கள் தாங்களே அதில் பதிவார்கள். கடவுச்சொல் தெரிந்தவர்கள் சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருந்து பார்ப்பார்கள். நேற்று 611ஆவது பெயர் ஏறியிருந்தது.

அவள் முதலில் சூட்டைத்தான் சந்தேகித்தாள். பெட்டியைத் திறந்து விசிறியில் அடைத்திருந்த தூசியைப் பெயின்ற் பிரஷால் தட்டினாள். நாற்பது நிமிஷம் ஓடியது. திரும்ப நின்றது. பிறகு கம்ப்யூட்டர் எழுதிவைத்திருந்த பிழைக் குறிப்புகளைத் திறந்தாள். ஹார்ட் டிஸ்க்கை வாசிக்க முடியவில்லை என்ற ஒரே வரி பக்கம் பக்கமாக ஓடியது. மெஷின் சுழலும்போதெல்லாம் தட்டு அதிர்வதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். இடம் மிச்சம் என்று அங்கே வைத்ததும் அவள்தான்.

பரவாயில்லை, ஒவ்வொரு இரவும் பிரதி எடுக்கிற இரண்டாவது டிஸ்க் இருக்கிறது என்று அதைத் திறந்தாள். கடைசிப் பிரதி மார்ச் இருபதாம் தேதியோடு நின்றிருந்தது. டிஸ்க் நிரம்பிவிட்டதாம். லினக்ஸ் ஒவ்வொரு நாளும் அதை முறையிட்டு எழுதியிருந்தது. அவை போய்ச் சேர்ந்த மின்னஞ்சல்பெட்டியை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. இருபத்தொரு கடிதங்கள், ஒன்றும் வாசிக்கப்படாமல் கிடந்தன.

தொலைபேசி அடித்தது. மெல்பேர்னின் கிளென் வேவர்லியிலிருந்து நாகேஸ்வரி. அறுபது வயதிருக்கும், முகம் பார்த்ததில்லை. தம்பியைத் தேடுகிற மனுசி. காலை எட்டு மணிக்கு அவள் ஒருக்கால் அழைத்தபோது, சின்னப் பிழை, இப்ப வந்திடும் என்று சந்திரவதனா சொல்லியிருந்தாள். இப்போது அவள் றிசீவரைத் தொடவில்லை.

"எடன் வதனா," என்றார் கணவர் வரதராஜா.

"நீங்கள் எடுங்கோ. நான் வெளியில போயிட்டன் எண்டு சொல்லுங்கோ."

அவர் சொன்னார். பிறகு லோன்ட்ரி வாசலில் வந்து நின்றார்.

"புது டிஸ்க் ஒண்டு வேணும்," என்றாள்.

"பெரிய வெள்ளியில எந்தக் கடை திறந்திருக்கும்?"

"உங்கட வீடியோ டிஸ்க்கைத் தாங்கோ."

நான்கு வருஷமாகச் சேர்த்த கிரிக்கெட் ஆட்டங்கள் அதில் இருந்தன. வரதராஜா அதைக் கொண்டுவந்து கதிரையில் உட்கார்ந்து, எதை அழிக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவள் பொறுமையிழந்து பக்கத்தில் நிற்பதைக் கண்டதும், "முழுக்க அழி," என்று கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

சாகக் கிடந்த டிஸ்க்கிலிருந்து வாசிக்கக்கூடியதை மட்டும் எடுத்து, முடியாததைத் தாண்டிப் போகும்படி கட்டளை கொடுத்தாள். இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. அவள் உட்காரவில்லை. குசினிக்குப் போய்க் கேத்திலை வைத்தாள். தேத்தண்ணி போட மறந்து திரும்ப வந்தாள். டிஸ்க் இடைக்கிடை டிக், டிக் என்று தட்டியது.

முடிந்ததும் எண்ணிப் பார்த்தாள். 573 பெயர்கள். கடைசி முப்பத்தெட்டும் போய்விட்டன.

தொலைபேசி மறுபடி அடித்தது. இம்முறை அவளே எடுத்தாள்.

"நாகேஸ்வரி அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். காலமை நான் சொன்னது பொய். டிஸ்க் பழுதாப் போச்சு. பிரதி எடுக்கிறது மூண்டு கிழமையா நடக்கேல்ல, நான் கவனிக்கேல்ல. கடைசிப் பேர்கள் முப்பத்தெட்டு இல்லை."



"எத்தினையாம் நம்பரில இருந்து இல்லை, தங்கச்சி?"

"574."

"பொறும், கொப்பியை எடுத்துக்கொண்டு வாறன்."

"என்ன கொப்பி அக்கா?"

"நான் ஒவ்வொரு நாளும் பார்த்து எழுதிறனான். கம்ப்யூட்டரில பார்த்தா என்ர கண் வழுக்கிப் போகுது. எழுதினாத்தான் தம்பியின்ர பேர் இல்லையெண்டு எனக்கு நிச்சயம்."

நாகேஸ்வரி வாசித்தாள். பெயர், வயது, ஊர், முகாம். சந்திரவதனா தோளில் றிசீவரை இடுக்கிக்கொண்டு தட்டினாள். எழுத்துச் சந்தேகம் வந்த இடத்தில் இருவரும் நின்று கூட்டிப் பார்த்தார்கள். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர், கடைசிக்கு வயது எட்டு மாதம். அதில் மட்டும் நாகேஸ்வரியின் குரல் கொஞ்சம் தாமதித்தது. முப்பத்தாறு பெயர்கள். 609 உடன் கொப்பி முடிந்தது.

"மற்ற ரெண்டும் நான் நேற்றுப் பார்த்தாப் பிறகு வந்திருக்கும்," என்றாள் நாகேஸ்வரி.

சந்திரவதனா பக்கத்தின் மேலே அறிவித்தல் போட்டாள். வியாழன் பின்னேரம் பதிந்தவர்கள் திரும்பப் பதியவும்; தவறு என்னுடையது என்று எழுதி, தன் பெயரையும் போட்டாள். செவ்வாய்க்கிழமை சிட்னி ஹோம்புஷிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து 610ஐச் சொன்னார். 611க்கு ஒருவரும் வரவில்லை.

கம்ப்யூட்டரை வரவேற்பறை மூலைக்கு மாற்றினாள். லினக்ஸின் முறைப்பாடுகள் இப்போது வேலையிட மின்னஞ்சலுக்கே வந்தன; கூட்டங்களின் நடுவிலும் அதைத் திறந்து பார்த்தாள்.

ஜூலையில் நாகேஸ்வரியின் தம்பி யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் அக்காவோடு இரண்டு நிமிஷம் பேசினான். எந்தப் பட்டியலிலும் அவன் பெயர் வந்திருக்கவில்லை. செய்தியைச் சொல்லிவிட்டு நாகேஸ்வரி கேட்டாள்: "611 கிடைச்சதே?"

"இல்லை அக்கா."

611 என்ற வெற்று வரியைச் சந்திரவதனா அழிக்கவில்லை. யாரோ ஒருவர் உயிரோடு இருப்பதாக இன்னொருவர் தட்டி வைத்தது அது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இலக்கத்தை மட்டும் விட்டு, பக்கத்தில் 'தெரிந்தவர்கள் அழைக்கவும்' என்று எழுதி, வீட்டு நம்பரைப் போட்டாள். அதன்பிறகு தொலைபேசி எப்போது அடித்தாலும் வரதராஜாவை எடுக்க விடுவதில்லை.