புரொப்பல்லரில் ஒரு கொண்டை ஊசி

மெக்கானிக் பென்னி மோட்டாரைத் தண்ணீருக்கு மேலே தூக்கியபோதே என் கை தலைக்குப் போய்விட்டது. கொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். எதற்கு என்று மனம் யோசிக்கும் முன்பே கைக்குத் தெரிந்திருந்தது.

ஏற்காட்டில் ஒரு விடுதியில் படகுகளுக்கு நான் பொறுப்பு. விடுதிக்குச் சொந்தமாகச் சின்ன ஏரி ஒன்று உண்டு. பன்னிரண்டு பெடல் படகுகள். அவற்றில் போகிறவர்களுக்கு ஆபத்து என்றால் ஓடிப்போய் மீட்க ஒரு மோட்டார் படகு. ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் ஒரு பெடல் படகு அக்கரைப் பாறையில் போய் ஒதுங்கிவிட்டது. அதில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். படகோட்டி சரவணன் மோட்டார் படகை எடுத்தான். முழுதாக முறுக்கியும் அது முக்கி முனகிக்கொண்டுதான் போனது. இரண்டு நிமிடத்தில் எட்ட வேண்டிய இடத்துக்கு ஏழு நிமிடம் ஆனது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரையேறிய அந்தப் பெண், நடுங்கும் குழந்தையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து போனாள்.

"இதுல கடைசியாக் கை வெச்சது யாருங்க?" என்று முதலாளி ராமசாமி கேட்டார்.

"சின்னராஜ்தானுங்க சர்வீஸ் பண்ணினாரு" என்றேன்.

பொய் இல்லை. சின்னராஜ் சர்வீஸ் செய்தார். அதற்கு அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

தண்ணீரைத் தள்ளிப் படகை நகர்த்தும் புரொப்பல்லர் எங்களிடம் இரண்டு. மோட்டாரோடு வந்ததில் பதினொன்று என்று நம்பர் வெட்டியிருக்கும். மற்றதில் ஒன்பது. நம்பரைப் பார்க்காவிட்டால் எது எது என்று எனக்குத் தெரியாது. மோட்டார் வந்த புதிதில் படகு வேகமே எடுக்கவில்லை. கரடியூரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சின்னராஜ், மருந்தடிக்கிற மோட்டார்களைப் பழுது பார்ப்பவர், மூன்று நாள் படகிலேயே உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"மலையில காத்து லேசுங்க மேடம். மோட்டாருக்கு மூச்சு பத்த மாட்டீங்குது. சேலத்து பஸ்ஸு டாப் கியர்ல மேட்டுல ஏறுமுங்களா? பதினொண்ணு டாப் கியருங்க. நம்ம ஊருக்கு ஒன்பதுதான்."

பூஜைக்கு, மாட்டியிருந்ததையும் கழற்றி, இரண்டு புரொப்பல்லரையும் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன். மறுநாள் திரும்ப மாட்டச் சின்னராஜைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் மாட்டுவதைப் பத்துத் தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இதுகூடவா தெரியாது என்று ஒரு மிதப்பு. சாமிக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்க மனம் வரவில்லை. நம்பர் அதற்கு அடியில் இருந்தது. கைக்கு வந்ததை எடுத்து மாட்டினேன். நட்டுக்குக் குறுக்கே சொருகும் பின் எங்கேயோ விழுந்துவிட்டது. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, சொருகி, வளைத்துவிட்டேன். சாயங்காலம் நல்ல பின் போடலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை. பின் வேண்டுமென்றால் சின்னராஜிடம் கேட்க வேண்டும். கேட்டால், எதற்கு என்று அவர் கேட்பார்.

சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் பென்னி காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிளக் சரியாக இருந்தது. பெட்ரோலில் தண்ணீர் இல்லை. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஒரு மீட்டரை மாட்டி ஓட்டச் சொன்னார். முழுதாக முறுக்கியும் முள் நாலாயிரத்து இருநூறைத் தாண்டவில்லை.

"அஞ்சாயிரம் தாண்டோணும். எஞ்சின் நல்லாத்தான் இருக்குது. எதோ இழுத்துப் புடிக்குதுங்க."

புரொப்பல்லர் இறக்கைகளில் வளைவு இல்லை, பாசி சுற்றவில்லை. நடுவில் இருக்கும் ரப்பர் வழுக்குகிறதோ என்று பெயின்டால் கோடு போட்டு ஓட்டிப் பார்த்தார். கோடு விலகவில்லை. பிறகுதான் மறுபடி மோட்டாரைத் தூக்கி, நட்டைக் கழற்றக் குனிந்தார்.

"ஏனுங்க, இதென்னங்க கூத்து! கொண்டை ஊசி!"

முதலாளி வாங்கிப் பார்த்தார். "சின்னராஜு பொண்டாட்டி மண்டையில இருந்து புடுங்கிட்டு வந்துட்டாம் போல."

"நல்லவேளைங்க, சீப்பைச் சொருகாம விட்டானே" என்றார் பென்னி. நம்பரைத் தடவிப் படித்தார். "பதினொண்ணு. மலைக்கு இதையா மாட்டுவாங்க? யாரோ வெவரங்கெட்டவன்."

"மலைக்காரன் வேலைங்க" என்றார் முதலாளி. "அவனை இனி உள்ள உடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் கோழைத்தனம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். சிரித்ததை என்னவென்று சொல்வது? ஒன்பதை மாட்டியதும் படகு சீறிக்கொண்டு போனது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் பென்னி பலகையில் வைத்துவிட்டுப் போன ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து எனக்கு விடுமுறை. கரடியூர் பஸ் ஏறினேன். வாசலில் சின்னராஜின் மனைவி வெள்ளையம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு மருந்தடிக்கிற மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"வாங்க மேடம். படகு இப்ப ஓடுதுங்களா?"

அதைத்தான் முதலில் கேட்டார்.

"ஓடுதுங்க."

"பதினொண்ணுதானே மாட்டியிருந்துது? முறுக்குனா முக்குதுன்னு சரவணன் சொன்னப்பவே நெனச்சேன்." துணியில் கையைத் துடைத்தார். "நான் ஒன்பதுதான் போட்டனுங்க. அப்படித்தான் நாபகம். ஆனா ரெண்டு நாளா யோசிக்கறேன், ஒருவேளை நாந்தான் மாத்திப் போட்டுட்டனோ என்னமோ. கண்ணும் முன்ன மாதிரி இல்லைங்க."

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவர் வேலையைத்தான் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். அவர் கையின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வரும்படி செய்திருக்கிறேன்.

"நான் மாட்டுனதுங்க. பூஜை முடிஞ்சு. ஊசியும் என்னுதுதான்."

முறம் நின்றது. சின்னராஜ் தன் கைகளைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப ஒன்பதுதான் போட்டிருக்கேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். என் மேல் கோபப்படுவதற்கு முன்னால் அவருக்கு அந்த நிம்மதி தேவைப்பட்டது.

வெள்ளையம்மாள்தான் பேசினாள். "என்ற ஊசின்னு பேசிச் சிரிச்சாங்களாமுங்க. எனக்கு ஏதுங்க ஊசி, வெறுங்கையில முடியறவளுக்கு? நீங்க ஊடு தேடி வந்து சொன்னது நொம்ப சந்தோசம். ஆனா இங்க யாருங்க சிரிச்சாங்க? சிரிச்சது அங்கதானுங்களே."

அவள் காப்பி கொடுத்தாள். சூட்டோடு குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை முதலாளி படகுத்துறைக்கு வந்தபோது சரவணனும் மற்றப் படகுக்காரர்களும் இருந்தார்கள். தனியாக அழைத்துச் சொல்லலாம் என்று ஒரு கணம் ஆசை எழுந்தது. ஊசியை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது என்னுதுங்க. பதினொண்ணை மாட்டுனதும் நாந்தான். சின்னராஜ் மேல தப்பு இல்லைங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, போச்சாது உடுங்க. அவங்கிட்டப் போயி இதைச் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. நமக்குத்தான் கேவலம்."

"நேத்தே போயிச் சொல்லிட்டனுங்க."

முதலாளி போனை எடுத்துச் சின்னராஜைக் கூப்பிட்டார். மன்னிப்பு என்ற சொல் அவருக்கு வரவில்லை. வேலைக்கு வரச் சொன்னார். ஸ்பீக்கரில் சின்னராஜின் குரல் நிதானமாக வந்தது.

"திங்கக்கெழமை வர்றனுங்க. பின்னு ஒரு டஜன் கொண்டாறேன். அதுவரைக்கும் மேடத்தை எதையும் சொருக வேண்டாம்னு சொல்லுங்க."

சரவணன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். முகமும் காதும் எரிந்தன. ஓட்டமெடுத்து அலுவலக அறைக்குள் நுழைந்துகொள்ளத் தோன்றியது. சிரித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.