நைட்ரேட் தொட்டியும் எடை குறைந்த பெட்டியும்

பத்து பெரண்டாம் என்ற ஊரில் உலோகச் சாமான்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் சிறிய தொழிற்சாலை ஒன்றில், உப்புத் தொட்டியைப் பார்த்துக்கொள்வது பவானேஸ்வரியின் வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறாள். தொட்டியில் இருப்பது சமையல் உப்பு அல்ல, சோடியம் நைட்ரேட். மூட்டையில் இருக்கும்வரை வெள்ளையாக, சாதுவாகத்தான் இருக்கும். உருகி ஐந்நூறு டிகிரிச் சூட்டுக்கு வந்துவிட்டால் தண்ணீர்போலத் தெளிந்து நிற்கும். ஈரம் பட்டால் வெடித்துச் சிதறும். அலுமினியச் சாமான்களைக் காயவைத்துத்தான் அதில் இறக்குவார்கள். மெக்னீசியம் மட்டும் உள்ளே போகவே கூடாது. போனால் உப்பே பிராணவாயுவைக் கொடுத்து அதை எரிக்கும். தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது.

அன்று காலை வேலை ஏற்கெனவே தாமதம். மேற்பார்வையாளர் காந்தன் இரண்டு முறை வந்து அவசரப்படுத்திவிட்டுப் போயிருந்தார். பவானேஸ்வரி கூடையை நிரப்பி, கிரேனில் மாட்டி, இறக்கும் பொத்தானை அழுத்தினாள். கூடை தொட்டியின் வாய்க்கு வந்தபோது பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"அக்கா, நிப்பாட்டுங்க! எறக்காதீங்க!"

ஸ்டோரில் வேலை செய்யும் நூருல் ஹுதா, தலையில் சுற்றியிருந்த தூடோங் நழுவ ஓடி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

பவானேஸ்வரிக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் விரல் பொத்தானை விட்டது. "என்ன ஹுதா? காந்தன் என்னையத்தான் ஏசுவாருலா."

"அக்கா, எட்டுப் பெட்டியும் ஒரே சாமான். ஏழு பெட்டி ஒவ்வொண்ணும் நாப்பது கிலோ. நீங்க கூடையில போட்ட பெட்டி மட்டும் இருபத்தாறு. எண்ணிக்கை சரியா இருக்கு, எடைதான் இல்ல."

சத்தம் கேட்டுக் காந்தனும் வந்தார். "தராசு கோளாறா இருக்கும்லா."

"மூணு தடவ நிறுத்தேன் சார். கேண்டீன்ல வினிகர் இருக்கு. அத விட்டா மெக்னீசியம் நுரைக்கும்னு போலிடெக்னிக்ல காட்டியிருக்காங்க, ஒரு நிமிஷம் போதும்."

கூடையை மேலே ஏற்றி ஓரமாக நகர்த்தினார்கள். ஹுதா கூடையிலிருந்து ஒன்று, வேறு பெட்டியிலிருந்து ஒன்று என்று எடுத்து, இரண்டையும் அரத்தால் சுரண்டி வினிகரை விட்டாள். வேறு பெட்டிச் சாமான் அப்படியே இருந்தது. கூடையில் இருந்தது சோடாபோல நுரைத்துப் பொங்கியது.

மெக்னீசியம். அனுப்பியவர்கள் பெட்டியை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

பவானேஸ்வரி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டிக்கும் தனக்கும் நடுவே நான்கடி தூரம்கூட இல்லை என்பது அப்போதுதான் மனதில் உறைத்தது. காந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்பு என்னோடதுதான், பவானி. அவசரப்படுத்திட்டேன்" என்றார். எடை பார்த்து ஹுதா கையெழுத்துப் போடாமல் இனி எந்தப் பெட்டியும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்று அன்றைக்கே எழுதி ஒட்டினார்.

சாயங்காலம் பவானேஸ்வரி காரில் ஹுதாவை ஏற்றிக்கொண்டு அவள் வீடு இருக்கும் டுரியான் துங்கால் வரை போனாள். வழியில் ஒரு சீப்பு பீசாங் மாஸ் வாழைப்பழம் வாங்கிக்கொண்டாள். வாசலுக்கு வந்த ஹுதாவின் அம்மா சகீனாவின் கைகளை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னிக்கி உசுரோட வீட்டுக்குப் போறேன்னா உங்க பிள்ளைனாலதான்க்கா. என் ரெண்டு பிள்ளைங்களும் ஸ்கூல் விட்டு வந்திருக்கும். நான் போய்ச் சோறு போடணும்."

சகீனா அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். "அல்லாஹ் காப்பாத்தினான்மா. இவ வீட்லயும் இப்படித்தான். நான் மீன் வாங்கிட்டு வந்தா மறுபடி நிறுத்துப் பார்ப்பா. நாந்தான் திட்டுவேன்."

"இனிமே திட்டாதீங்கக்கா" என்றாள் பவானேஸ்வரி. கண்ணீரோடு சிரிப்பும் வந்தது.