ஒரே கிடாரத்தில் அவித்த கிளாசுகள்

விடிய எழும்பியதிலிருந்தே தில்லைநாதன் கடலைப் பார்ப்பதும் கடைக்குள் போவதுமாக இருந்தார். பார்க்காமல் என்ன செய்வார்? ஊர்காவற்றுறையிலிருந்து வரும் காலை வள்ளத்தில் பி.எச்.ஐ. வருகிறாராம். வள்ளக்காரன் முதல்நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தான். அனலைதீவுத் துறையடியில் இருந்தது ஒரேயொரு தேத்தண்ணிக் கடை, அது தில்லைநாதனுடையது. சுகாதாரம் பார்க்க வருகிற மனிசன் வேறு எங்கே போய் மூக்கை நுழைக்கப் போகிறார்?

போனமுறை வந்தபோதே மானத்தை வாங்கிவிட்டுத்தான் போனார். சீனிப் போத்தலுக்குள் இலையான் மொய்த்தது. வடைத்தட்டுக்கு மூடி இல்லை. கடைக்குப் பின்னால் வேலியில் தொங்கிய மூன்று தகரப்பேணிகளைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, ஒட்டிய துருவைப் பார்த்து, "முழுக்கக் கறள். ஆர் இதிலை குடிக்கிறது?" என்று கேட்டார்.

யார் குடிக்கிறது? கடைக்குள் வரவிடாத சனம் குடிக்கிறது. பனை ஏறுகிற செல்லனும் அவனோடு வருகிறவர்களும் பின்வேலியோடு நின்று அந்தப் பேணிகளில்தான் குடிப்பார்கள். குடித்து முடிந்ததும் தாங்களே கழுவித் தொங்கவிட்டுப் போவார்கள். ஊர் வழக்கம் அது, தில்லைநாதன் கண்டுபிடித்ததல்ல. ஆனால் அதைக் கவுண்மேந்து உத்தியோகத்தருக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பி.எச்.ஐ. பேணிகளைக் கடலுக்குள் விட்டெறிந்தார்.

"இனிக் கிளாசிலைதான் குடுக்கவேணும். எல்லாக் கிளாசும் கொதிதண்ணியிலை அவிச்சிருக்கவேணும். அடுத்தமுறை ஒரு பிழை கண்டன் எண்டால், கடையைப் பூட்டிப்போட்டுத்தான் வள்ளம் ஏறுவன்."

அவர் போனபிறகு தில்லைநாதன், யாழ்ப்பாணத்தில் வாங்கிய ஒரு டசின் கிளாசில் மூன்றை எடுத்துப் பின்வேலிப் பலகையில் கவிழ்த்து வைத்தார். பெரிய கெட்டித்தனம் என்றுதான் நினைத்தார். சரியாகத் தேய்த்துக் கழுவ ஆளில்லாமல், சாயம் ஊறி, கொஞ்ச நாளிலேயே அவை மண்ணிறமாகிவிட்டன. உள்ளே இருக்கிற கிளாசுகளோடு மாறிப்போகும் என்ற பயம் அவருக்கு இருக்கவில்லை.

இன்று மனைவி மனோகரி கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சோடாத்தூளைக் கொட்டி, கிளாசுகளைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து வள்ளத்தின் இரைச்சல் கேட்டது. தில்லைநாதன் பின்பக்கம் ஓடினார். பலகையில் மூன்று கிளாசும் ஊத்தையாய்க் கிடந்தன. ஐயோ, இதுகளைக் கண்டால் அந்தாள் இங்கேயே சன்னதம் ஆடுமே! கண்மண் தெரியாமல் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்து கிடாரத்துக்குள் போட்டார்.

மனோகரி திரும்பி வந்து எல்லாவற்றையும் இடுக்கியால் எடுத்துச் சீலையில் அடுக்கியபோதுதான் அவருக்குச் சுரணை வந்தது.

"இதுக்குள்ளை பின்னாலை கிடந்தது எது?"

"பின்னாலை கிடந்ததோ? அதுகளை ஏன் இதுக்குள்ளை போட்டனீங்கள்?" மனோகரி நெஞ்சில் கை வைத்தாள்.

ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே பிடித்து மணந்துகூடப் பார்த்தார். ஊத்தைதான் அடையாளமாக இருந்தது. ஊத்தை போய்விட்டது.

"எல்லாத்தையும் உடைச்சுப்போடட்டோ?"

"உடைச்சுப்போட்டு? வாறவைக்குக் கையிலையே ஊத்தப்போறியள்?"

"தில்லை! ஒரு தேத்தண்ணி போடும், சாயம் கூட!" என்று வாசலில் குரல் கேட்டது. தில்லைநாதன் எட்டிப் பார்த்தார். பரராசசிங்கம்! கடை நிற்கிற காணி அவருடையது. ஊரில் பாதிப் பனையும் அவருடையது. ஊர்காவற்றுறையில் கோட்டு வழக்காம், அதே வள்ளத்தில் போக வந்திருக்கிறார். வாசலோரம் கிடந்த மர வாங்கில் சால்வையை உதறிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

தில்லைநாதன் ஒரு கிளாசை எடுத்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். ஐயனாரே, இது உள்கிளாசாக இருக்கவேணும். ஆற்றும்போது தேத்தண்ணி கையில் சிந்திச் சுட்டது, அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"இண்டைக்குக் கிளாஸ் நல்லாப் பளபளக்குது" என்று பரராசசிங்கம் உறிஞ்சிக் குடித்தார்.

அப்போது பி.எச்.ஐ. உள்ளே வந்தார். சீனிப் போத்தலைத் திறந்து பார்த்தார். வடைத்தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கிளாஸ் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ம்" என்றார். அந்த "ம்"மில் தில்லைநாதனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

மிச்சப் பாதி வருவதற்குள் பின்வேலியிலிருந்து செல்லனின் குரல் வந்தது.

"நயினார், பலகையிலை கிடந்த கிளாசுகளைக் காணேல்லை!"

பி.எச்.ஐ. விறுக்கென்று பின்பக்கம் போனார். வெறும் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"வெளியிலை கிளாஸ் வைச்சிருந்தனீரோ? அதுகள் இப்ப எங்கை? அவிச்சதோ, இல்லையோ?"

இல்லை என்றால் இவர் கடையைப் பூட்டுவார். ஓம் என்றால்? தில்லைநாதன் வாங்குப் பக்கம் பார்த்தார். பரராசசிங்கத்தின் கை, கிளாசை வாயருகே பிடித்தபடி அப்படியே நின்றது. அவரும் பதிலுக்குத்தான் காத்திருந்தார்.

"கேக்கிறனெல்லே?" என்று பி.எச்.ஐ. ஒரு அடி முன்னால் வந்தார்.

"ஓம் சேர்… எல்லாம் ஒண்டாத்தான் அவிச்சது."

பி.எச்.ஐ. சிரித்தார். "அப்பிடிச் செய்யும்! இப்ப கடை சுத்தம். எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று தோளில் தட்டிவிட்டு, கிணற்றைப் பார்க்க வெளியே போனார்.

பரராசசிங்கம் கிளாசை மெல்ல வாங்கில் வைத்தார். வாசலுக்குப் போய்க் காறித் துப்பினார். செம்புத் தண்ணீர் முழுவதையும் வாயில் விட்டுக் கொப்பளித்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் காலில் விழுந்தாவது பார்த்திருக்கலாம்.

"நாளைக்கு விடியக் கூரையைப் பிரிச்சு எடு. காணி எனக்கு வேணும்."

நீர் என்று கூப்பிடுகிற மனிசன் நீ என்றுவிட்டுத் துறைப்பக்கம் நடந்தார். மனோகரி குசினி வாசலில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள். தில்லைநாதனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. பின்வேலியோடு செல்லன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உள்ளுக்கு வா! வந்து வாங்கிலை இருந்து குடி! இனி ஆருக்கடா பயம்?" என்று கத்தி, ஒரு கிளாசில் தேத்தண்ணியை ஊற்றி மேசையில் அடித்து வைத்தார்.

செல்லன் கிளாசைப் பார்த்தான். துறையடியில் வள்ளத்துக்கு நின்ற பரராசசிங்கம் இந்தப் பக்கம் திரும்புகிறாரா என்று பார்த்தான்.

"வேண்டாம் நயினார். உங்களுக்குக் கடை போச்சு. எனக்கு நாளைக்கும் அவரின்ரை பனையிலைதான் ஏறவேணும்" என்று சொல்லிவிட்டு, கள்ளு முட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியோடு வேலியாகப் போனான்.