பௌர்ணமியன்று லைன் கிடைக்கவில்லை

பலராமனின் லாட்ஜ் போனை, அதுவும் பௌர்ணமியன்று, காலையிலிருந்து ஊமையாக்கி வைத்தவன் நான்தான். திருவண்ணாமலையில் குடியிருப்பவன் சொந்தப் பெயரைக்கூட மறக்கலாம், பௌர்ணமியை மறக்கக் கூடாது. எனக்கோ அன்று வெள்ளிக்கிழமை என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. பஹ்ரைனில் வெள்ளிக்கிழமை விடுமுறை. என் மனைவி நந்தினி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

மாதம் தவறாமல் கிரிவலத்துக்கு வரும் சித்தூர் கோஷ்டி வழியெல்லாம் எஸ்.டி.டி. பூத்தில் இறங்கி இறங்கி அறைக்காகப் போன் செய்திருக்கிறது. எப்போதும் எங்கேஜ்டு. கடைசியில் எதிர்ச்சாரி லாட்ஜில் போய் இறங்கிவிட்டது. அவர்கள் வேனிலிருந்து பைகளை இறக்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பலராமன் மாடி ஏறி வந்தார். லாட்ஜின் மொட்டைமாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன்.

“போன் ஏன் அடிக்கலன்னு காத்தாலருந்து தேமேன்னு உக்காந்துனு இருக்கேன் வாத்தியாரே. குனிஞ்சு பாத்தா போன்ல வயரே இல்ல. மேல ஏறிப் போவுது.”

“நீங்கதானே சொன்னீங்க, சும்மா கிடக்கும்போது எடுத்துக்கோன்னு.”

“பௌர்ணமில எந்த லாட்ஜு போன்யா சும்மா கிடக்கும்?”

கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி நடத்தி, எல்லாவற்றுக்கும் பதில் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நந்தினி அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் கேமரா முன்னால் உட்காருவாள். இங்கே என் போன் லைனில் மாட்டிய ஒரு மோடம் வழியாக அவள் முகம் என் கம்ப்யூட்டருக்குச் சதுரம் சதுரமாக வந்து சேரும். மூக்கு வந்து கொஞ்ச நேரம் கழித்துக் கண் வரும். அவள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. “முடிஞ்சதும் வந்துடுவியா?” என்று கேட்டால், “பார்க்கலாங்க” என்பாள். சரியாக அந்த இடத்தில் படம் உறைந்துவிடும். பாதி திறந்த வாய். அது சிரிப்பா, கொட்டாவியா, அழுகைக்கு முந்தைய நிலையா என்று வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பேன். முகம் ஒழுங்காகத் தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு.

இரண்டு மோடம், இரண்டு போன் லைன் இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே இணைப்பாக்க கம்ப்யூட்டரிலேயே வசதி உண்டு. வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் லைன் ஒன்று. இன்னொன்றுக்குப் பலராமன். நெட்டில் இருக்கும்வரை இரண்டு போனும் எங்கேஜ்டுதான். மோடம் இணையும்போது போடும் கூச்சல்தான் அந்த அறையில் எனக்குப் பேச்சுத்துணை. இரண்டாவதும் வந்தபின் வீடு கொஞ்சம் கலகலப்பாகிவிட்டது.

அன்று இரண்டும் முதல் முயற்சியிலேயே இணைந்தன. சட்டை மாற்றி, தலை வாரி, கேமரா முன்னால் உட்கார்ந்தேன். நந்தினி வரவில்லை. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, தின்று, மறுபடி தலை வாரி உட்கார்ந்தேன். அப்போதும் வரவில்லை.

பலராமன் திரையைக் குனிந்து பார்த்தார். “யாரு இது?”

“நான்தான்.”

“உங்க மூஞ்சிய நீங்க பாக்கறதுக்கு ஒரு கண்ணாடி பத்தாதா? என் லைனும் வேணுமா?”

“நந்தினிக்காக.”

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “அதுக்கு லெட்டர் போடுங்க. எதுக்கு இவ்ளோ சுத்தி வளைக்கணும்? எது என்னோட வயரு?”

நான் காட்டுவதற்குள் இரண்டையும் பிடுங்கிவிட்டார். இணைப்பு அறுந்தது. தன் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே மற்றதை என்னிடம் நீட்டினார். வேறு வேலை இல்லாததால் அதை என் போனில் சொருகினேன்.

சொருகிய கை எடுப்பதற்குள் போன் அடித்தது.

“எடுங்க. இது உங்க போன்தான்” என்றார் பலராமன்.

“என்னங்க, நான்தான்.” நந்தினி. சதுரங்கள் இல்லாத குரல், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல. “காத்தாலருந்து போட்டுனே இருக்கேன். எங்கேஜ்டு, எங்கேஜ்டு. போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தான்.”

“நெட்ல உனக்காகத்தான் காத்துனு இருந்தேன். இரண்டு மோடம் போட்டுருக்கேன். இப்ப உன் முகம் நல்லா தெரியும். போய் உக்காரு, நான் பலராமன் அண்ணன்கிட்ட…”

“வேணாங்க. அதுக்குத்தான் போன்ல வந்தேன்.”

“எதுக்கு?”

“உங்க முகத்தப் பாத்துனு சொல்ல முடியல. நீங்க சட்டையெல்லாம் மாத்திட்டு உக்காந்திருப்பீங்க. படம் நின்னுபோச்சுன்னா அப்பாடான்னு இருக்கும் எனக்கு.”

உறைந்த வாயின் அர்த்தம் சிரிப்பும் இல்லை, கொட்டாவியும் இல்லை. பலராமன் வயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, ஓசைப்படாமல் கதவுப் பக்கம் நகர்ந்தார். போகாமல் அங்கேயே நின்றார். கீழே தெருவில் கூட்டம் மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தது.

“சரி, இப்ப முகம் தெரியல. பார்க்கலாம்னு மட்டும் சொல்லாத. ஒப்பந்தம் முடிஞ்சா வரியா, இல்லியா?”

“இல்லங்க. திருண்ணாமலைக்கும் வரல, உங்ககிட்டயும் வரல.”