நாற்பத்தோராவது கையெழுத்து

மைதானத்தில் கீபோர்டு ஏறக் கூடாது என்று முதலில் கை தூக்கியவள் நான்தான். இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கை தூக்கியதோடு நிற்காமல், மனுவை நானே எழுதுகிறேன் என்று பேனாவையும் பிடுங்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர் டிரம் கோரின், அதாவது நடந்துகொண்டே வாசிக்கும் அணிவகுப்பு இசைக்குழுவின், பெயர் சென்ட்ரீஸ். பியூகிள் ஊதுகொம்பும் முரசும் கொடியுமாக நூற்றிருபது பிள்ளைகள். ஜூன் பிறந்தால் பஸ் ஏறி ஊர் ஊராகப் போட்டிக்குப் போவார்கள். இருபத்திரண்டு வயதானால் யாராக இருந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும். அப்படி வெளியே வந்தவர்கள் சும்மா இருப்போமா? ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை ஆயுசுக்கும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் ஜூலையில் சொந்த ஊரில் ஆட்டம் நடக்கும்போது நாங்களும் மைதானத்தில் இறங்குவோம். பிள்ளைகளோடு கலந்து அரைவட்டமாக நின்று, தோளில் தோள் போட்டு, கோரின் பாட்டைப் பாடுவோம். அந்த நான்கு நிமிடத்துக்காக அரிசோனாவிலிருந்து காரோட்டி வருகிறவர்கள் உண்டு.

இரண்டாயிரத்து ஒன்பதில் போட்டி விதி மாறியது. மின்சார வாத்தியம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் புது இயக்குநர் மறுவாரமே ஒரு கீபோர்டும், ஃபிரிட்ஜ் அளவுக்கு இரண்டு ஸ்பீக்கரும் வாங்கிவிட்டார். ஊரின் முன்னாள் போர்வீரர் மன்றத்தில் வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு முடிந்த கையோடு சங்கம் கூடியது.

"நாளைக்கு கரண்டு போச்சுன்னா கோரே போச்சு," என்றான் எங்கள் தலைவன் டுவெய்ன். அந்தக் காலத்தில் முரசு அடித்தவன், இப்போதும் பேசும்போது மேஜையை அடிப்பான்.

"அதுக்கு எதுக்கு நூத்தியிருவது புள்ளைங்க? ஒருத்தன் பட்டனத் தட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாமே," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ரோண்டா, நீ எழுது. காரமா எழுது," என்றான் டுவெய்ன்.

எழுதினேன். கோர் என்பது மூச்சும் கையும் மட்டும் என்று ஒன்று. சுவரில் பிளக் செருகி ஓட்டுகிற எதுவும் வாத்தியம் ஆகாது என்று இரண்டு. மூன்றாவதை யாரும் சொல்லித் தரவில்லை. சங்கத்தில் எத்தனையோ முறை காதில் விழுந்த வாக்கியம், தானாக வந்தது: 'நடப்பவரே கோர், ஓரிடத்தில் நின்று வாசிப்பவர் விருந்தாளி.' கீபோர்டை எடுக்காவிட்டால் ஜூலையில் பாட்டுக்கு இறங்க மாட்டோம் என்று முடித்தேன். நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

நாற்பத்தோராவது ஆர்வில் ஸ்டெங்கலுடையதாக இருக்க வேண்டும். எண்பத்தொரு வயது. சென்ட்ரீஸ் தொடங்கிய வருடமே பியூகிள் ஊதியவர், பிறகு முப்பது வருடம் கோரின் லாரியை ஓட்டியவர். அவர் பெயர் இருந்தால் இயக்குநர் கீபோர்டை எடுத்துவிடுவார், இல்லாவிட்டால் மனுவைக் குப்பையில் போடுவார். எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்கு அவர் அதற்கும் மேலே. ஒன்பது வயதில் தானியம் ஏற்றும் இயந்திரத்தில் என் இடது கால் மாட்டிக்கொண்டது. பிழைத்தது, ஆனால் இரண்டு அங்குலம் குட்டை. அணிவகுத்து நடக்க லாயக்கில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில்தான், தோளில் மாட்டி வாசித்துக்கொண்டிருந்த பெரிய வாத்தியங்களை மைதான ஓரத்தில் தரையில் வைத்து வாசிக்கலாம் என்று விதி வந்தது. பதினேழு வயதில், மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் மரிம்பாவோடு உள்ளே போனேன். மூன்று கோடையும், ஒவ்வொரு ஊரிலும், அந்தக் கனத்த மரிம்பாவைப் புல்தரையில் தூக்கி வைத்தவர் ஆர்வில். "நீ குச்சிய மட்டும் எடுத்துக்கோ" என்பார். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் அங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே மனிதர் அவர் என்றே இருபத்தேழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனுவோடு அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் காப்பி ஊற்றிக் கொடுத்தார். மனுவை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இத கொஞ்சம் வாசிச்சுக் காட்டும்மா. எனக்குக் கண்ணு சரியில்ல."

கண்ணாடி போட்ட அவர் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மானை எண்ணுவார். நான் வாசிக்கத் தொடங்கினேன். 'ஓரிடத்தில் நின்று வாசிப்பவர்' வரைக்கும் வந்தேன். அங்கேயே நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். மேஜைக்குக் கீழே என் இடது கால், உயரம் சேர்க்கத் தடித்த அடி வைத்த செருப்போடு தொங்கிக்கொண்டிருந்தது.

"வாக்கியம் நல்லா விழுந்திருக்குல்ல?" என்றார். "விழும். நான் எழுதுனதுதான். எம்பத்திரண்டு பிப்ரவரி, இதே மேஜை. அம்பத்தாறு கையெழுத்து வாங்குனேன்."

"யாருக்கு எதிரா?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன்.

"உனக்குத்தான். பேரு தெரியாது அப்போ. நொண்டிப் பொண்ணு ஒருத்தி வர்றாளாம், அவளுக்காக கோரையே உக்கார வைக்கப் போறானுங்கன்னு நான்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்தேன்.

"மொத ஆட்டம் ஞாபகம் இருக்கா? மழை பேஞ்சு ஒரே சேறு. சக்கரம் பொதஞ்சு போச்சு. நீ தனியா இழுத்துட்டு இருந்த. விழுந்த, எந்திரிச்ச, மறுபடியும் இழுத்த. ஒருத்தனையும் கூப்பிடல."

"நீங்கதான ஓடி வந்தீங்க."

"உனக்காக வரல. நேரம் தாண்டுனா கோருக்குப் பாயின்ட் கொறைப்பான், அதுக்காக வந்தேன். தூக்கி வெச்சதும் ஆட்டம் ஆரம்பிச்சுட்டானுங்க, திரும்பிப் போக வழியில்ல. உன் பின்னாடியே சேத்துல குத்த வெச்சிருந்தேன், பன்னெண்டு நிமிஷம். கால் நடுங்கிட்டே இருந்துச்சு உனக்கு. கை நடுங்கல."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"வீட்டுக்கு வந்து, எடுபடாமப் போன அந்த மனுவ அடுப்புல போட்டேன். அந்த வாக்கியத்த என்ன செய்ய? அம்பத்தாறு பேர் வாயில ஏத்தி விட்டாச்சே. இன்னும் சுத்திட்டு இருக்கு பாரு, இப்ப உன் கையெழுத்துலயே வந்து நிக்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல, ஆர்வில்?"

"சொல்லியிருந்தா மரிம்பாவத் தொட விட்டிருப்பியா?"

மனுவையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "ஒரு கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு மூணு வருஷம் தூக்குனேன். இப்ப வயசு எம்பத்தொண்ணு. ஸ்பீக்கரெல்லாம் என்னால தூக்க முடியாதும்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன், வரவில்லை. பிடித்த பிள்ளைக்காக யாரும் தூக்குவார்கள். இந்த மனிதர், வேண்டாம் என்று ஊரைக் கூட்டித் தடுத்த பிள்ளைக்காக, ஊருக்கு ஊர் இறங்கித் தூக்கியிருக்கிறார். அன்று அந்தச் சமையலறையில் உணர்ந்த நன்றியை நான் அதுவரை யாரிடமும் உணர்ந்ததில்லை. காப்பிக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

டுவெய்ன் மன்ற வாசலிலேயே காத்திருந்தான். "கெழவர் போட்டாரா?"

"போடல. என் பேரையும் அடிச்சுடு."

"உனக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருக்கா? எழுதுனதே நீதான?"

"மூணாவது வரிய சத்தமா படி. என் மூஞ்சியப் பாத்துட்டே படி."

முரட்டுத்தனமாகத்தான் தொடங்கினான். பாதியில் அவன் கண் என் காலுக்கு இறங்கியது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். அது இயக்குநரிடம் போகவே இல்லை. பதினோரு பேர் டுவெய்னையும் என்னையும் திட்டிவிட்டு, அந்த ஜூலையில் வராமல் இருந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கீபோர்டு சத்தம் எனக்கும்தான் பிடிக்கவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை, பல் மருத்துவரிடம் போன மாதிரி இருக்கிறது.

ஜூலை ஆட்டத்தன்று மதியம் மழை பெய்து, மாலையில் வெயில் அடித்தது. ஆர்வில், பெஞ்சில் போட்டு உட்காரும் தன் குட்டி மெத்தையோடு முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தார். சங்கத்து ஆட்கள் வேலிக்கு வெளியே கூடியிருந்தோம். சென்ட்ரீஸை உள்ளே விட்டார்கள், கடிகாரம் ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் எல்லோரும் முன்னால் ஓடிவிட, கீபோர்டு வாசிக்கும் கார்லி ஸ்பீக்கர் வண்டியோடு பின்தங்கினாள். பத்தொன்பது வயது, ஈர்க்குச்சி உடம்பு. வாசல் தாண்டியதும் சக்கரம் ஈரப் புல்லில் அமுங்கியது. இழுத்தாள். அசையவில்லை. யாரையும் கூப்பிடாமல் மறுபடியும் இழுத்தாள்.

நான் வேலியைத் தாண்டிப் போய் வண்டியின் மறுமுனையைப் பிடித்தேன்.

"மேடம், பழைய ஆளுங்க அந்தப் பக்கம் நிக்கணும். இன்னும் பாட்டு வரல," என்றாள் மூச்சு வாங்க.

திரும்பிப் பார்த்தேன். ஆர்வில் மெத்தையை விட்டு எழுந்து நின்றிருந்தார்.

"தெரியும்," என்றேன். "நீ ஒயர மட்டும் எடுத்துக்கோ."