அன்னக் கேற்று வீடு

அருமைநாயகம் வந்து கேற்றைத் தட்டிய நேரம் நான் ஒரு பெண்ணைக் கிணற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். கதையில்தான். அவளைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போனேன்.

"நல்லரத்தினம் ஐயா இரிக்காரா?"

"அவர் மோசம் போய் ஒன்பது வருசம்."

மனிதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போன மாசமும் அவர்ர கதை வந்திச்சே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்து விளங்கப்படுத்தினேன். நல்லரத்தினம் என் புருசன். களுவாஞ்சிகுடியில் டீவி, ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார். ஒருநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், அவ்வளவுதான். தபால் கந்தோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் பேய்க்கதை எழுதத் தொடங்கினேன். அவருடைய பெயரைப் போட்டேன். முகப்புத்தகத்தில் முப்பதாயிரம் பேர் வாசிக்கிறார்கள், நான்கு புத்தகம் வந்துவிட்டது. எல்லோரும் "நல்லரத்தினம் ஐயா" என்றுதான் எழுதுவார்கள். யாராவது அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கட்டும் என்று நானும் திருத்துவதில்லை.

"அப்ப அந்த அன்னக் கேற்று வீட்டுக் கதைய எழுதினது நீங்களா?"

"ஓம், நான்தான்."

"அது எண்ட மகள்ட வீடு" என்றார் அருமைநாயகம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வீட்டை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன். பட்டிருப்புப் பாலம் தாண்டிப் பழுகாமத்துக்குப் போகிற வழியில், வட்டை தொடங்குகிற இடத்தில், சுற்றிலும் வயலும் ஒரு மருதமரமுமாகத் தனியாக நிற்கும். நீலக் கேற்று, அதில் இரண்டு இரும்பு அன்னங்கள். எப்போது பார்த்தாலும் பூட்டிக் கிடக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. கூறைச் சேலையோடு யன்னலில் நிற்கிற ஒரு செத்துப்போன மணப்பெண்ணை அதற்குள் குடிவைத்தேன். கேற்றின் நிறத்தைக்கூட மாற்றவில்லை, அவ்வளவு சோம்பல். எங்கள் பக்கம் புது வீடு ஒன்று பூட்டிக் கிடந்தால் அது ஒரு பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. மாப்பிள்ளை வந்து குடியேறும்வரை அப்படித்தான் கிடக்கும். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எழுதுகிற நேரம் மட்டும் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

அருமைநாயகம் கட்டாரில் எட்டு வருசம் நின்று உழைத்துக் கட்டிய வீடு. மகள் ஆர்த்திகாவுக்கு வவுணதீவில் சதீசன் என்ற பிள்ளையைப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, கதையை வாசித்த பெடியன்கள் போனோடு வந்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். யன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள், வாசலில் எலுமிச்சங்காய் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். வீடியோவைப் பார்த்த சதீசனின் தாய், பேய் நிற்கிற வீட்டில் என் பிள்ளையை இருத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டா.

"பொய்யெண்டு ஒரு வார்த்தை எழுதுங்க அம்மா" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

அன்றைக்கே எழுதினேன். அது முழுக்கக் கற்பனை, அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை என்று. வந்த பதில்களைப் பார்த்திருக்க வேண்டும்! 'ஐயாவை அது மிரட்டிவிட்டது.' 'ஐயா, கவனம்.' ஒருவர் கையில் கட்டச் சொல்லி மந்திரித்த நூலின் படம் அனுப்பியிருந்தார். அடுத்த கிழமை இன்னும் இரண்டு வீடியோ வந்தது. நாசமாய்ப் போவார்களே!

பிறகு ஆர்த்திகாவே எனக்குப் போன் எடுத்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பேயக் கொண்டுவந்து வெச்சது நீங்கதானே? நீங்களே வந்து இரிந்து காட்டுங்க. ஒரு மாசம்." குரல் நடுங்கியது. கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நான்தான் காரணம்.

போனேன். பாய், கேத்தல், எழுதுகிற கொப்பி, நான்கு சேலை. செட்டிபாளையத்தில் என் வீட்டின் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவை வெறுமனே சாத்தினேன். நான் அதற்குக் கொண்டி போடுவதில்லை. பக்கத்து வீட்டுத் தனுஷா எப்போதும் சத்தம் போடுவாள். "மாமி, கள்ளன் வந்தா என்ன செய்வீங்க?" என்பாள். வந்தால் வரட்டும் என்பேன்.

அன்னக் கேற்று வீட்டில் காலை முதல் கேற்றையும் கதவையும் விரியத் திறந்து வைத்தேன். சேலைகளைத் தெருவுக்குத் தெரியும்படி கொடியில் போட்டேன். வட்டைக்கு வயல்வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை மிதித்தபடி எட்டிப் பார்ப்பார்கள், நான் கையைக் காட்டுவேன். ஒருவராவது நின்று கதைத்ததில்லை. ஆர்த்திகா மத்தியானம் சோற்றைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவாள். பத்து நாளைக்குப் பிறகுதான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்தாள். முன்னால் ஒரு ஆள் இருக்கச் சோறு தின்று எவ்வளவு காலம்!

பதினெட்டாம் நாள் காலை பத்து மணியளவில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா இறங்கி, கேற்றுக்கு வெளியிலேயே நின்றா. சதீசனின் தாய் சீதேவிப்பிள்ளை.

"உள்ளுக்கு வாங்க" என்றேன்.

"இஞ்சயே நிக்கிறன். உண்மையச் சொல்லுங்க, ஒண்டும் இல்லயா?"

"ஒண்டும் இல்ல. நான் இரிக்கன்தானே."

"நீங்க பொய் எழுதிற ஆள். நீங்க சொல்லுறத எப்பிடி நம்பிற?"

நியாயமான கேள்வி. கேற்றடிக்குப் போய் அன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரை எனக்கு நானே சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"எண்ட மனுசன் கடை பூட்டிப்போட்டு எப்பயும் பின்கதவாலதான் வருவார். அவர் போன நாளிலயிருந்து அந்தக் கதவுக்கு நான் கொண்டி போடல்ல. அவர் உடுத்தின சாரன் இன்னும் கொடியிலதான் கிடக்கு. ஒன்பது வருசம் பாத்தன். நிழலாயெண்டாலும் வரட்டும், பயப்பிடுத்தியெண்டாலும் போகட்டும் எண்டு பாத்தன். ஒருநாளும் வரல்ல. அதாலதான் பேய எழுதத் துவங்கினன், கதையிலயாவது ஆக்கள் திரும்பி வரட்டுமெண்டு. என்னில அவ்வளவு உயிரா இரிந்த மனுசனே வரல்ல. உங்கட மகனத் தேடி, ஆரெண்டு தெரியாத ஒருத்தி என்னத்துக்கு வாறா?"

சீதேவிப்பிள்ளை வயல் பக்கம் பார்த்தா. வயலில் யாரோ உழவு மெசினை நிறுத்தினார்கள்.

"எண்ட மனுசனும் வரல்ல" என்றா மெதுவாக. "இருவது வருசம் நானும் பாத்தன் புள்ள."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தா. அறை அறையாகப் பார்த்தா, குசினியில் தண்ணீர்ப் பைப்பைத் திறந்து மூடினா. உடைந்த யன்னலைக் காட்டி, "இதுக்குக் கண்ணாடி போடச் சொல்லுங்க" என்றா. போகும்போது என் பக்கம் திரும்பினா.

"உங்கட பின்கதவு இப்பயும் திறந்தா கிடக்கு?"

"ஓம்."

அவ என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு ஆட்டோவில் ஏறினா.

ஆவணியில் கலியாணம் நடந்தது. ஆர்த்திகா என்னைத் தன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தாள். பந்தியில் இருந்த ஒருவர் "நல்லரத்தினம் ஐயா வரல்லயா?" என்று யாரையோ கேட்டது காதில் விழுந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் பழைய கதையை எடுத்தேன். அந்தப் பெண் கிணற்றுக் கட்டில் பாதி தொங்கியபடி அப்படியே இருந்தாள். அவளைத் தள்ளி முடித்தேன். அடுத்த வரி எனக்கு மனப்பாடம். மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தாள் என்று எழுத வேண்டும். நான்கு புத்தகத்திலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன். பேனையைப் பிடித்தபடி மத்தியானம்வரை இருந்தேன். எழுத முடியவில்லை. வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும், இப்போது வாயாலும் சொல்லிவிட்டேன்.

பொழுதுபடும் நேரம் கொடியிலிருந்து சாரனை எடுத்து மடித்து அலுமாரியில் வைத்தேன். பிறகு பின்கதவடிக்குப் போனேன். கொண்டி துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, சுத்தியலின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டித்தான் அசைந்தது. அழுகை வந்தது, அழுதேன். அழுதுகொண்டே கொண்டியைப் போட்டேன்.

வருகிற மனிதன் இனித் தட்டட்டும்.